குதிநாண் நோவும் ஓடாத மாதங்களும்

விடிய எழும்பிக் கட்டிலை விட்டு இறங்கினால், முதல் பத்து அடியை வைத்தே அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது குதியை முழுதாக ஊன்றாமல், நொண்டிக் கோழி மாதிரிக் குசினி வரை போக வேண்டும். கேத்தில் கொதிப்பதற்குள் கால் இளகிவிடும். தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது நோ இருந்த இடமே தெரியாது. இந்த வருத்தத்தின் ஏமாற்று வேலையே அதுதான். சூடேறினால் மறைந்துகொண்டு ‘ஓடலாம்’ என்று ஆசை காட்டும். ஓடினால் அடுத்த நாள் விடிய வட்டியோடு வந்து நிற்கும்.

ஊரில் இதை ‘குதி நரம்பு இழுத்துப் பிடிக்குது’ என்பார்கள். உண்மையில் அது நரம்பு இல்லை, தசைநாண். கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு தசைகளும் கீழே வரவர ஒடுங்கி, ஒரு தடித்த கயிறாகிக் குதி எலும்பில் போய் ஒட்டுகின்றன. அந்தக் கயிறுதான் அக்கிலிஸ் நாண். குழந்தையாக இருந்தபோது தாய் குதியைப் பிடித்து ஆற்றில் முக்கியதால் அந்த இடம் மட்டும் நனையாமல் பலவீனமாகப் போன கிரேக்க வீரனின் பெயர் அது. நம் பக்கத்தில் துரியோதனனுக்குத் தொடை, கண்ணனுக்குப் பாதம். ஒவ்வொரு ஊரும் காலில்தான் பலவீனத்தை வைத்திருக்கிறது போலும். இந்தக் கட்டுரைக்குக் குதிநாண் என்றே சொல்லிக்கொள்கிறேன். நாண் என்ற சொல் இங்கே பொருந்தியும் வருகிறது, ஏனென்றால் ஓடும்போது அது வில்லின் நாண் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பாதம் தரையில் படும்போது இழுபட்டுச் சக்தியைச் சேமிக்கும்; பாதம் எழும்பும்போது அதைத் திருப்பித் தரும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்களவு இப்படித் திரும்பக் கிடைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இலவசமாக வரும் சக்திக்கும் ஒரு விலை உண்டு. ஓடும்போது குதிநாணில் விழும் இழுவிசை உடல் எடையின் ஆறு முதல் எட்டு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அரைத் தொன்னுக்குக் கிட்ட. அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு கால் ஏறக்குறைய 2,400 தடவை தரையில் படும். இதைப் பழகிய நாண் தாங்கும். பழக்கம் திடீரென்று மாறினால்தான் சிக்கல். என் கதையில் அந்த மாற்றம் திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரை. வீதியில் ஓடி அலுத்துப்போய், மணலில் ஓடினால் காலுக்கு மென்மை என்று நினைத்து ஒரே மாதத்தில் முழு ஓட்டத்தையும் கரைக்கு மாற்றினேன். மென்மைதான். ஆனால் மணலில் குதி புதைந்தால் கணுக்கால் இன்னும் மடிந்து நாண் இன்னும் நீளும். கரையோ கடல் பக்கம் சரிந்திருக்கும். ஓடும் எந்தக் கணத்திலும் இரண்டு கால்களுக்கும் ஒரே கோணம் கிடைக்காது. மூன்றாவது கிழமை வலது குதிக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் ஒரு தடிப்பு. தொட்டால் நோ.

நான் முதலில் காட்டிய இடத்தில் ‘ஆறு கிழமை முழு ஓய்வு, நோவுக்கு மாத்திரை’ என்றார்கள். சொன்னபடி கேட்டேன். ஆறாம் கிழமை நோ இல்லை. ஏழாம் கிழமை இரண்டு கிலோமீற்றர் ஓடினேன். எட்டாம் கிழமை பழையபடி கதவு நிலை. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை, நாட்பட்ட குதிநாண் வருத்தத்தின் வழமையான கதையே இதுதான். ஏன் இப்படி நடக்கிறது என்பது விளங்கினால், ஓடாத மாதங்களில் என்ன செய்யலாம் என்பதும் தானாக விளங்கிவிடும்.

முன்பெல்லாம் இதை அழற்சி என்றே நினைத்தார்கள். வீங்கியிருக்கிறது, நோகிறது, ஆகவே ஓய்வும் அழற்சி மருந்தும். ஆனால் நாட்பட்ட நாணை எடுத்துப் பார்த்தால் அழற்சி பெரிதாக இல்லை. ஒழுங்காக முறுக்கிய கயிறு மாதிரி இருக்க வேண்டிய கொலாஜன் நார்கள் கலைந்து, இடையில் நீர் கோத்து, தேவையில்லாத சிறு இரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன. கயிறு தன் பின்னலை இழந்திருக்கிறது. கயிற்றைத் திரும்பப் பலமாக்கும் ஒரே கட்டளை பாரம். இழுக்காமல் விட்ட நாண் நோ குறைந்து, பலமும் குறைந்து கிடக்கும். ஓய்வில் நோ போனதைக் குணம் என்று நான் எடுத்துக்கொண்டது அதனால்தான் பிழையாகிப்போனது.

இதில் இன்னொரு வினோதமும் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகள் காற்றில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபனின் அளவைக் கூட்டிவிட்டன. அந்த அடையாளத்தைக் கொண்டு உடம்பின் எந்தத் திசு எப்போது உருவானது என்று காலம் கணிக்கலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் குதிநாணை அப்படிக் கணித்தார்கள். நாணின் மையப்பகுதி பதினேழு வயதளவில் உருவானதோடு சரி, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாற்பதைத் தாண்டிய என் குதியில் இருக்கும் கயிறு பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி காலத்துக் கயிறு! பழுதான பகுதி பழையபடி ஆகும் என்று காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை இருக்கத்தான் போகிறது, சுற்றியிருக்கும் வடையைத் தடிப்பாக்குவதுதான் வேலை.

இந்த எண்ணத்துக்குப் பலம் சேர்த்தவர் சுவீடன் நாட்டு எலும்பு வைத்தியர் ஹாக்கன் அல்பிரட்சன். அவருக்கே குதிநாண் வருத்தம் இருந்தது. சத்திரசிகிச்சை செய்ய மேலதிகாரி மறுக்க, நாண் அறுந்தால் அப்போதாவது செய்வார்கள் என்று நோகநோகக் குதியைப் படியில் இறக்கிப் பயிற்சி செய்தாராம். அறுவதற்குப் பதிலாகச் சுகமாகிவிட்டது. 1998இல் 15 ஓட்டக்காரர்களை வைத்து அதையே முறைப்படி செய்து காட்டினார். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்கால் நேராக 45 தடவை, மடக்கி 45 தடவை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு 15 பேரும் திரும்ப ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், கிழமைக்கு மூன்று நாள் மட்டும் அதிகப் பாரத்தோடு மெதுவாக ஏற்றி இறக்குவதும் அதே அளவு பலன் தந்தது. வேலை வெட்டி உள்ளவருக்கு இரண்டாவது முறைதான் தோது.

நான் செய்வதும் அதுதான். வாசல் படி, முதுகில் ஒரு பழைய பள்ளிக்கூடப் பை, பைக்குள் ஐந்து கிலோ அரிசி. மூன்று வரை எண்ணி ஏறி, மூன்று வரை எண்ணி இறங்க வேண்டும். அடுத்தது கதிரையில் இருந்து முழங்காலின் மேல் பையை வைத்துக் குதியைத் தூக்குவது. இது உள்ளே இருக்கும் தட்டைத் தசைக்கு. ஓட்டத்தில் பெரும்பாரம் சுமப்பது அதுதான், ஆனால் அதை ஒருவரும் கவனிப்பதில்லை. தொடங்கிய நாளில் இடது காலால் ஒற்றைக்காலில் 26 தடவை எழும்பினேன். வலதுகாலால் 11. ‘நோ ஒன்றுதான் பிரச்சினை, கால் பலமாகத்தான் இருக்கிறது’ என்ற நினைப்பு அன்றைக்கு உடைந்தது. இப்போது பைக்குள் பன்னிரண்டு கிலோ. அரிசியை எடுத்துச் சமைத்துவிடாமல் பார்ப்பதுதான் வீட்டில் பெரிய பாடு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோ குதிக்கு மேலே இரண்டு மூன்று விரல் தள்ளி இருந்தால்தான் படிக்குக் கீழே குதியை இறக்கலாம். எலும்பில் ஒட்டும் இடத்திலேயே நோ இருந்தால், கீழே இறக்கும்போது நாண் எலும்போடு நசிபட்டு நோ கூடும். அவர்கள் சமதரையில் நின்று மேலே எழும்பினால் போதும். குந்தியிருப்பதையும், கெண்டைக்காலைச் சுவரில் முட்டி இழுப்பதையும் அவர்கள் கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும். தட்டையான றப்பர் செருப்பும் இருவருக்கும் ஆகாது. குதி சற்று உயர்ந்த சப்பாத்து நாணுக்கு இளைப்பாறல் தரும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோட்டை வாசலில் இருந்து ஏற்றத்தில் நடந்து, மேலே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று கும்பிட்டு வந்தால், குதி அன்று பின்னேரமே பேசும். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற அன்று அரிசிப்பையைத் தூக்க வேண்டாம்.

சரி, ஓடாமல் மூச்சை எப்படிக் காப்பது? ஓட்டக்காரனின் பயம் குதியைப் பற்றியதை விட இதைப் பற்றியதுதான். பயத்தில் நியாயமும் இருக்கிறது. நன்கு பழகியவர்கள் பயிற்சியை முழுதாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று 1984இல் பார்த்தார்கள். உடல் உள்வாங்கக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு மூன்று கிழமையில் 7 சதவீதமும் எட்டுக் கிழமையில் 16 சதவீதமும் குறைந்தது. முதல் இழப்பு பெரும்பாலும் இரத்தத்தின் கொள்ளளவு குறைவதால் வருவது. ஆனால் இது ஒன்றுமே செய்யாதவரின் கணக்கு. இதயத்துக்கு நீங்கள் ஓடுகிறீர்களா மிதிக்கிறீர்களா என்பது தெரியாது. அதற்கு வேண்டியது வேலை.

ஆகவே மாற்றுப் பயிற்சியைத் தேர்வதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் குதிநாண் வில்லாக வேலை செய்கிறதா? களைப்பு எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். கயிறு அடிப்பதில் பெரிய களைப்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு துள்ளலும் நாணைச் சுண்டும். பட்மின்ரன், கரப்பந்து எல்லாம் அந்தப் பக்கம். சைக்கிளில் மூச்சு வாங்கும், நாண் ஏறக்குறைய சும்மா இருக்கும்.

இந்த விஷயத்தில் திருகோணமலை கொடுத்து வைத்த ஊர். கடல் இருக்கிறது, அதுவும் வருடத்தில் பாதி நாள் குளம் மாதிரிக் கிடக்கும் கடல். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் காலையில் அலையே இருக்காது. கச்சான் காற்றுத் தரைப் பக்கமிருந்து வீசி, பகல் ஏறத்தான் வேகம் பிடிக்கும். அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டது தண்ணீருக்குள் ஓடுவது. மிதவை அங்கியைக் கட்டிக்கொண்டு, கால் நிலத்தில் படாத ஆழத்தில், நிமிர்ந்து நின்றபடி ஓடும் அசைவைச் செய்வதுதான் அது. முழங்காலை முன்னே உயர்த்திக் காலைப் பின்னால் தள்ள வேண்டும். கையைப் பொத்தி ஓட்டத்தில் போலவே வீச வேண்டும். தரை இல்லாததால் குதிநாணில் அடி விழாது. நான்கு முதல் ஆறு கிழமை இதை மட்டும் செய்த ஓட்டக்காரர்கள் தங்கள் தகுதியை இழக்காமல் இருந்ததைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நிதானமாக மிதந்துகொண்டிருந்தால் பலன் இல்லை. ஒரு நிமிடம் முழுமூச்சாக, அரை நிமிடம் ஆறுதலாக, பதினைந்து தடவை. தண்ணீருக்குள் இதயத் துடிப்புக் கரையில் இருப்பதை விடப் பத்துக்கு மேல் குறைவாகவே காட்டும். கைக்கடிகாரத்தை நம்பாமல் மூச்சை வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

பார்ப்பவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. கரைவலை இழுக்கும் அண்ணர் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டே விட்டார்.

“என்ன தம்பி, நீந்தவும் இல்ல, நிக்கவும் இல்ல. தண்ணிக்குள்ள என்ன செய்யிறீங்க?”

“ஓடுறன் அண்ணே.”

“ஏன், கரையில இடமில்லையோ?”

அவருக்குக் குதிக்கதை முழுதும் சொன்னேன். ‘சும்மாதானே நிக்கிறீங்க, வாங்க வலை இழுப்பம்’ என்றார். போனேன். போயிருக்கக் கூடாது. ஈர மணலில் குதியைக் குத்திப் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கும் வேலை கெண்டைக்காலுக்குத் தனிப் பரீட்சை. நான்கு நாள் நொண்டினேன்.

ஐப்பசி பிறந்தால் இந்த வசதி போய்விடும். வாடைக் காற்றும் மழையும் தொடங்கி, தை மாதம் தாண்டும் வரை கடல் பயிற்சிக்குரிய இடம் இல்லை. எப்போதும் தனியாக இறங்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரிந்தவர்களுக்குச் சாதாரண நீச்சலும் நல்லது, கால் நீட்டிய நிலையில் நாண் தளர்ந்தே இருக்கும். புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கப் போகும்போது போடும் துடுப்புச் செருப்பு மட்டும் வேண்டாம். அந்த நீளமான துடுப்பைத் தள்ளுவது கெண்டைக்கால்தான்.

மழைக்காலத்துக்குச் சைக்கிள். நிலாவெளி வீதி சமதரை, ஊரில் இருந்து சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளி போய்வர ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். என்னுடையது பழைய லுமாலா, கியர் இல்லை, அதுவே போதும். ஆசனத்தைச் சரியான உயரத்தில் வைத்து, முன்பாதத்தால் மிதிக்காமல் பாதத்தின் நடுவால் மிதித்தால் நாணில் பாரம் இன்னும் குறையும். எழும்பி நின்று மிதிப்பது பிறகு. ஆறுதலாக ஒரு மணி நேரம் ஒரு நாள், மூன்று நிமிடம் வேகம் இரண்டு நிமிடம் மெதுவாக என்று இன்னொரு நாள். நாய்கள் துரத்தினால் வேகப் பயிற்சி தானாக நடக்கும்.

கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி ஊற்றினால் குதி சுகமாகும் என்று சொந்தத்தில் பெரியம்மா ஒருவர் அடித்துச் சொன்னார். சூடு விறைப்பை இளக்கும், அன்றைக்குச் சுகமாக இருக்கும். சித்தாலேப தைலமும் அப்படித்தான். நாணின் பின்னலை இரண்டும் தொடாது. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவுவதும் கெண்டைக்கால் தசைக்கு நல்லது, நோகும் முடிச்சையே பெருவிரலால் அமத்தினால் கூடும். ஸ்டீரொய்ட் ஊசி வேறு வகை. சில கிழமை நோவை அடக்கும், ஆனால் நாணைப் பலவீனப்படுத்தக் கூடும் என்பதால் குதிநாணுக்கு அதைப் போடப் பலர் தயங்குகிறார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: சிறுநீர்க் கிருமிக்கும் வயிற்றோட்டத்துக்கும் கொடுக்கப்படும் சிப்ரோபுளொக்சசின் வகை அன்ரிபயோட்டிக் நாண் அறும் ஆபத்தைக் கூட்டும். 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்கு அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இட வைத்தது. குதிநாண் வருத்தம் இருந்தால் மருந்து எழுதும்போதே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களின் நாண் மெதுவாகத்தான் தேறும், அவர்கள் பாரத்தையும் மெதுவாகவே கூட்ட வேண்டும். யாரோ பின்னால் உதைத்த மாதிரி ‘டப்’ என்று கேட்டு, அதன் பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது அறுந்த நாண். அன்றே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் முழுதும் வீங்கிச் சுட்டாலும் அப்படித்தான், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

எவ்வளவு நோ சரி என்பதற்குச் சுவீடனிலேயே ஒரு அளவுகோல் செய்தார்கள். கரின் சில்பர்நாகல் குழுவினர் 2007இல் 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பகுதியினர் முதல் ஆறு கிழமை ஓடவோ துள்ளவோ கூடாது, மற்றவர்கள் நோவைப் பத்துக்கு ஐந்துக்குள் வைத்துக்கொண்டு ஓடலாம். நோ அடுத்த நாள் காலை தணிந்திருக்க வேண்டும், கிழமைக்குக் கிழமை கூடவும் கூடாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியினரும் ஒரே அளவு தேறியிருந்தார்கள், ஓடியவர்களுக்குக் கேடு வரவில்லை. எனக்கு ஐந்து அதிகம். நான் பொய் சொல்லும் ஆள் என்பது எனக்குத் தெரியும், ஆகவே மூன்றில் நிறுத்திக்கொள்கிறேன். தீர்ப்புச் சொல்வது அடுத்த நாள் காலையின் முதல் பத்து அடி.

திரும்ப ஓடுவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்தேன். அரை மணி வேக நடைக்குப் பிறகும் அடுத்த காலை மாறவில்லை. ஒற்றைக்காலில் எழும்புவது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமன். நின்ற இடத்தில் பத்துத் துள்ளல், நோ இரண்டுக்கு மேல் இல்லை. அதற்கே ஐந்து மாதம் போனது. இணையத்தில் பன்னிரண்டு கிழமை என்று வாசித்துவிட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

முதல் ஓட்டம் டச்பே கடற்கரை வீதியில். மணலில் இல்லை, தாரில். ஒரு விளக்குக் கம்பத்தில் இருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பங்களுக்கு நடை. கோட்டைப் பக்கமிருந்து வந்த நான்கு புள்ளிமான்கள் குப்பைத்தொட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. ஓட்டம் என்று சொல்ல ஆறு நிமிடம் கூட இல்லை. அடுத்த நாள் விடிய இறங்கும்போது கை பழக்கத்தில் கதவு நிலைக்குப் போனது. பிடிக்கத் தேவைப்படவில்லை. அன்றைக்கு ஓட வேண்டாத நாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாம்பல்தீவுப் பாலம் வரை போய்வந்தேன்.